பதினொன்று நாற்பது

எங்கள் கோர்ட்டு டவாலியை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவோம். கதவுக்கு வெளியே நின்று கட்சிக்காரர்களையும் சாட்சிகளையும் மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது டவாலியின் வேலை. மூன்றாவது முறைக்குள் ஆள் வரவில்லையென்றால் ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவோம். வெண்கலம் கூப்பிட்டு ஒருவனுக்குக் கேட்கவில்லையென்றால் அவன் செத்திருக்க வேண்டும், இல்லை ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டும். எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன்கூடக் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். "வீட்டுல உப்பு கேட்டாக்கூட மூணு தடவை கேக்கறார்" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

நான் அதே கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவருக்கும் எனக்கும் நடுவில் இருபத்து நான்கு வருஷமாக ஒரு கதவுதான். நல்ல நாளில் என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் மேடம் என்பார். எனக்கு வாய் நீளம், அவருக்குக் கை முந்தும். இரண்டு பேருக்கும் அதனால் கெட்ட பெயர் உண்டு.

கை முந்தும் என்று சும்மா சொல்லவில்லை. கோர்ட்டு என்றால் பேசித் தீர்க்கிற இடம் என்று நினைப்பவர்கள் எங்கள் வராந்தாவில் ஒரு நாள் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே வக்கீல்கள் ஐயா ஐயா என்று குழைவார்கள். வெளியே நாற்காலிக் கால் பறக்கும். பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒருவன் தலையை ஒருவன் சுவரில் மோதிக்கொண்டிருந்தபோது வெண்கலம் விலக்கப் போனார். தம்பிக்காரன் இவர் இடது காதின் நுனியைக் கடித்துத் தரையில் துப்பிவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்தவர், "என் காது ஒண்ணே முக்கால் ஏக்கருக்குப் போச்சு தங்கச்சி, அதுல தண்ணி வசதிகூட இல்லையாம்" என்றார்.

இன்னொரு நாள், விவாகரத்துக்கு வந்த ஒருவன் மாடிப்படியில் மனைவி மேல் கத்தியை ஓங்கினான். வெண்கலம் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் படியின் கைப்பிடிக் கம்பியில் வைத்து முறித்தார். எலும்பு போன சத்தம் என் மேஜைவரை கேட்டது. கட்சிக்காரன் கையை உடைத்ததற்காக ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். "மறுபடி கத்தி எடுத்தா மறுபடி உடைப்பேன்" என்று எழுதிக்கொடுக்கப் பார்த்தார் அந்த மகராசன். நான்தான் அந்தத் தாளைப் பிடுங்கி, நடந்ததற்கு வருந்துகிறேன் என்று டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினேன். அவரை யோக்கியசிகாமணி என்று சொல்ல வரவில்லை. தங்கையை அடித்தான் என்பதற்காகச் சொந்த மைத்துனனை நடுத்தெருவில் வைத்துப் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்த மனிதர் அவர்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மிரட்டலுக்கு ஆளான சாட்சி வந்தால், அந்த ஆள் வருவது எதிராளி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார். விபத்து நஷ்டஈட்டுக்காகக் குடும்பத்தோடு இருபது பேர் வந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் இந்தச் சாட்சியையும் ஓர் அத்தை மாதிரி உட்கார வைத்துவிடுவார். பட்டியல் வரிசையைப் பெஞ்ச் கிளார்க்கிடம் காதோடு காதாகச் சொல்லி மாற்றிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பெயரைக் கூப்பிடுவார். எதிராளி டீக்கடையிலிருந்து வந்து சேர்வதற்குள் சாட்சி கூண்டில் ஏறியிருக்கும். சொல்லி முடித்ததும் பதிவறை வழியாகப் பின்வாசலில் விட்டுவிடுவார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. எங்கள் நீதிபதி ஐயாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

தையல்காரம்மாவின் வழக்கு எங்களிடம் வந்தது, ஊரையே பூட்டிய அந்த நோய் பரவுவதற்கு ஒரு வருஷம் முன்பு. முப்பத்தைந்து வயது, கடைத்தெருவில் சின்னத் தையல் கடை, கூட ஒரே தம்பி. ஒரு லாரிக்காரன் கடை வாசலை மறித்துத் தினமும் வண்டியை நிறுத்தினான். தம்பி போய்க் கேட்டான், வார்த்தை தடித்தது, நாலு பேர் முன்னால் லாரிக்காரனை ஓர் அறை விட்டுவிட்டான். மறுநாள் சாயங்காலம் லாரிக்காரன் வெட்டுக்கத்தியோடு கடைக்குள் வந்தான். அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள், தம்பி தைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். ஏழு வெட்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கையை நகல் அடித்தவள் நான். நான்காவது வெட்டு தாடையைப் பிளந்தது என்று அடித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கடைத்தெருவில் அன்றைக்குப் பார்த்தவர்கள் பதினான்கு பேர். சம்மன் போனதும் பதின்மூன்று பேருக்கு அன்று தாங்கள் ஊரிலேயே இல்லை என்பது ஞாபகம் வந்துவிட்டது. மிச்சம் அக்கா ஒருத்திதான். லாரிக்காரனின் தம்பி அவள் கடைக்குப் போய்த் தையல் மெஷினின் பெல்ட்டைக் கத்தியால் அறுத்துக் கையில் கொடுத்து, "அடுத்தது கழுத்து" என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் புது பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு மறுநாளும் கடையைத் திறந்தாள். அவள் கூண்டேறிச் சொன்னால் லாரிக்காரனுக்கு ஆயுள் தண்டனை. சொல்லாவிட்டால் அவன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போவான். வழக்கு இவ்வளவுதான்.

அவள் முறை வருவதற்குள் நோய் வந்துவிட்டது. மூன்று மாதம் கோர்ட்டுக்குப் பூட்டு. சிறைக்குள் நெரிசல் கூடாது என்று விசாரணைக் கைதிகளை ஜாமீனில் விட்டார்கள், லாரிக்காரனும் வெளியே வந்தான். பிறகு கோர்ட்டைத் திறந்தபோது எங்களுக்கே அது எங்கள் கோர்ட்டு மாதிரி இல்லை. வக்கீல்கள் வீட்டிலிருந்தே திரையில் வந்தார்கள். சாட்சியும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனும், ஃபைல் கொண்டுவரும் வக்கீல் குமாஸ்தாவும் மட்டும் நேரில் வரவேண்டும். பெஞ்சுகளைத் தூக்கிவிட்டு வராந்தாத் தரையில் ஆறடிக்கு ஒரு வட்டம் வரைந்தார்கள். பின்வாசலுக்கும் பதிவறைக்கும் பூட்டு, எல்லோருக்கும் ஒரே கேட். அங்கே முன்பெல்லாம் போலீஸ் ஆளைத் தடவிச் சோதிப்பார்கள். இப்போது யாரையும் தொடக்கூடாது என்று உத்தரவு. நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டிச் சூடு பார்ப்பார்கள், இடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள்.

வெண்கலத்தின் வேலையும் போயிற்று. உரக்கக் கூப்பிட்டால் எச்சில் தெறிக்குமாம், மைக்கில் எதிரொலிக்குமாம். வராந்தாவில் ஒரு டிவியை மாட்டி அதில் வழக்கு எண்ணை ஓடவிட்டார்கள். எண் வந்து இரண்டு நிமிஷத்துக்குள் சாட்சி உள்ளே வராவிட்டால் அடுத்த வழக்கு. இரைச்சல் கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு, ஐயாவும் நானும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். உள்ளிருந்து நான் பொத்தானை அமுக்கினால்தான் கதவு திறக்கும். வெண்கலத்திடம் காலால் மிதித்தால் சானிடைசர் பீச்சுகிற ஓர் இரும்பு ஸ்டாண்டைக் கொடுத்து, வருகிறவர்கள் கையில் மருந்து விழுகிறதா என்று பார்த்துக்கொள் என்றார்கள். முப்பத்தொரு வருஷம் கட்டிடத்தையே அதிரவைத்த ஆள், ஸ்டாண்டை மிதித்துக்கொண்டு நின்றார். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் நாங்கள் கிண்டல் செய்தோம்.

பெஞ்ச் கிளார்க் காய்ச்சலில் விழுந்ததால் நேரப் பட்டியல் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் பதினைந்து நிமிஷம். யார், எந்த வழக்கு, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டேன். கேட்டில் ஒட்டினோம், கோர்ட்டு இணையதளத்தில் ஏற்றினோம், கட்சிக்காரர்கள் போனுக்கும் அனுப்பினோம். எங்கள் வராந்தாவில் முதல் முறையாகத் தள்ளுமுள்ளு இல்லாமல் வழக்கு நடந்தது. "மற்ற கோர்ட்டுகளும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்று ஐயா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில்கூட அதை இரண்டு பேருக்குக் காட்டினேன்.

தையல்காரம்மாவின் பெயருக்கு நேரே பதினொன்று நாற்பது என்று போட்டிருந்தேன். ஒட்டுவதற்கு முன்பு வெண்கலம் அதைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்தப் பொண்ணு பேருக்கு நேரா இருக்கிற மணியை எடுத்துடு."

"ஏன், அவ மட்டும் என்ன ஒசத்தி?"

"எத்தனை மணிக்கு வருவா, எத்தனை மணிக்குப் போவான்னு கேட்டுலயே ஒட்டி வச்சா, அவனுங்க தேடவே வேணாமே. நாமளே கையைப் பிடிச்சுக் காட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கு."

"கூட்டம் சேரக்கூடாதுன்னுதானே அண்ணே இந்த ஏற்பாடே?"

"அவளுக்குக் கூட்டம்தான் காவல். எரநூறு பேர் நடுவுல எவன் கத்தியை ஓங்குவான்? இப்ப வராந்தாவைப் போய்ப் பாரு, ஈ காக்கா இல்ல."

"அப்போ எரநூறு பேருக்கும் நோய் வந்து சாகட்டும்ங்கறீங்க."

"அப்படிச் சொல்லல. பட்டியல்ல ஒரு மணியைப் போடு, அவகிட்ட வேற மணியைச் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"பொய்ப் பட்டியல் போட்டு என் வேலைக்கு உலை வைக்கச் சொல்றீங்களா? உங்க தில்லுமுல்லு எல்லாம் அந்தக் காலத்தோட போச்சு அண்ணே. இப்ப உங்க வேலை ஸ்டாண்டை மிதிக்கிறது. அதைப் போய்ப் பாருங்க."

அவர் முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வாயில் புற்று வைக்க, அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம். ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று கேட்டார் மனிதர். எனக்கு என் கட்டங்கள் கலையக்கூடாது.

அவள் சாட்சி சொல்ல வேண்டிய அன்றைக்கு அவர் தானாகவே ஒரு வழி செய்து பார்த்தார். தையல்காரம்மாவுக்குப் போன் செய்து பத்து மணிக்கே வரச் சொல்லியிருந்தார். பதிவறைச் சாவியைக் கெஞ்சி வாங்கி வைத்திருந்தார். அவள் பத்து மணிக்கு வந்தாள். கேட்டில் நின்ற காவலர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு முன்னாடி விட எனக்கு ஆர்டர் இல்ல" என்றார். வெண்கலம் ஓடிப்போய்ச் சொல்லிப் பார்த்தார், பிறகு காவலரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஆளைக் கேட்டோடு வைத்து இடித்தார். இன்ஸ்பெக்டர் வந்து பிரித்துவிட்டு, இன்னொரு முறை கையை நீட்டினால் உள்ளே வைத்துவிடுவேன் என்றார். தையல்காரம்மா ஒன்றரை மணி நேரம் எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றாள். தெருவில் போகிற எவன் வேண்டுமானாலும் அவளைப் பார்க்கலாம்.

வெண்கலம் சட்டைப் பொத்தான் அறுந்து என் மேஜைக்கு வந்தார். "பாத்தீங்களா மேடம், உங்க லிஸ்ட்டு நல்லா வேலை செய்யுது" என்றார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

வெளியே நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. வராந்தாக் கேமராவில் பதிவானதை மூன்று நாள் கழித்துப் போலீஸார் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் சத்தம் கிடையாது. மூலையில் மணி மட்டும் ஓடும்.

பதினொன்று முப்பத்தாறுக்குத் தையல்காரம்மா படியேறி வருகிறாள். வெண்கலம் ஸ்டாண்டை மிதிக்கிறார், அவள் கையைத் தேய்த்துக்கொள்கிறாள். வட்டத்தில் நிற்கவிடாமல் அவளைக் கதவோரம் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு அவர் முன்னால் நிற்கிறார். முப்பத்தெட்டுக்கு முகமூடியும் தொப்பியுமாக ஒருவன் கையில் ஒரு ஃபைலோடு வருகிறான். லாரிக்காரன் தரப்புக் குமாஸ்தா, பதினொன்று நாற்பது என்று பட்டியலைக் காட்டிக் கேட்டைத் தாண்டியிருக்கிறான். அவன் ஒரு வட்டத்துக்குள் ஒழுங்காக நின்றான். அவன் லாரிக்காரனின் தம்பி. ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்தபோது அவனை யார் கண்டுபிடிப்பது?

டிவியில் வழக்கு எண் வந்ததும் ஃபைலைப் போட்டுவிட்டு இடுப்பிலிருந்து வெட்டுக்கத்தியை உருவினான். முதல் வீச்சு வெண்கலத்தைச் சுற்றிக்கொண்டு அவள் கழுத்துக்குப் போனது. அவள் வலது கையைத் தூக்கினாள், மூன்று விரல் தரையில் விழுந்தது. வெண்கலம் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தார். முகமூடி கிழிந்து வாயிலிருந்து ரத்தமும் பல்லும் கொட்டின. அடுத்த வெட்டு வெண்கலத்தின் தோளில் இறங்கியது, அதற்கடுத்தது கழுத்தோரம். அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு அவனை அப்படியே கட்டிப்பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. சுவரில் ரத்தம் கோடு இழுத்தது. கீழே விழுந்தவன் அவர் வயிற்றில் குத்தினான். அவர் அவன் மார்பில் உட்கார்ந்து கத்திக் கையை முழங்காலால் மிதித்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வெண்கலத்தின் வாய் திறந்திருக்கிறது. கத்தியிருக்கிறார். அந்தத் தொண்டையால் முழுப் பலத்தோடு கத்தியிருக்கிறார். டீக்கடைக்காரன் பிற்பாடு போலீஸில், என் காதில் விழுந்தது, எழுந்து ஓடி வந்தேன், கேட்டில் விடவில்லை என்று சொன்னான். எட்டடி தள்ளிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை.

என் காதில் எதிர்த்தரப்பு வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். "ஐயா, எண் காட்டி ஒன்றரை நிமிஷம் ஆகிறது. சாட்சிக்கு அக்கறை இல்லை என்று தெரிகிறது. பதிவு செய்ய வேண்டும்." லாரிக்காரன் பக்கக் கதவு வழியாக முன்னமே வந்து கூண்டில் நின்றிருந்தான். சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைக் கவனித்தேன், பயப்படுகிறான் என்று நினைத்தேன். சாட்சி வந்தால் கதவில் உள்ள மணியை அடிப்பாள், விளக்கு எரியும், நான் பொத்தானை அமுக்குவேன். விளக்கு எரியவில்லை. ஐயா பெருமூச்சு விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். 'சாட்சி அழைக்கப்பட்டும் ஆஜராக' என்பதுவரை அடித்தேன். அப்போது விளக்கு எரிந்தது.

பொத்தானை அமுக்கினேன். தையல்காரம்மா உள்ளே வந்தாள். வலது கையை இடது கையால் மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள், முழங்கைவரை சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். வெண்கலம் அந்தப் பயல் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையின் நிறமே தெரியவில்லை. படியில் போலீஸார் ஓடி வரும் சத்தம் கேட்டது.

"அண்ணே!" என்று அலறினேன்.

"உள்ள போங்க மேடம்" என்றார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "அவ சொல்றதை அடிங்க. போங்க."

நான் நின்றேன். அவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி என்னைத் துரத்தினார். நான் உள்ளே போனேன்.

ஐயா எழுந்து நின்று, "ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார். வண்டியெல்லாம் காய்ச்சல்காரர்களுக்காக ஓடிக்கொண்டிருந்ததால் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். நான் என் துப்பட்டாவைக் கிழித்து அவள் கையை இறுக்கிக் கட்டினேன். லாரிக்காரன் கூண்டிலிருந்து இறங்கப் பார்த்தான், உள்ளே ஓடி வந்த காவலர் ஒருவர் அவன் கழுத்தைப் பிடித்து மறுபடி ஏற்றினார். திரையில் எதிர்த்தரப்பு வக்கீல், "என்ன நடக்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லையே, வழக்கை ஒத்திவைக்க வேண்டும்" என்றார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்றார் ஐயா. "சாட்சி சொல்ல இன்னொரு நாள் தருகிறேன்."

"இன்னொரு நாள் நான் இருப்பேனா ஐயா?" என்றாள் அவள். "இப்பவே எழுதிக்குங்க. அந்தாளு முகமூடியைக் கழட்டச் சொல்லுங்க."

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். காவலர் லாரிக்காரனின் முகமூடியைக் காதிலிருந்து பிடுங்கினார். அவள் இடது கையை நீட்டி, "இவன்தான்" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தம்பி எங்கே நின்றான், கத்தி எந்தக் கையில் இருந்தது, முதல் வெட்டு எங்கே, இரண்டாவது எங்கே. நான்காவது வெட்டுக்குப் பிறகும் தம்பி அக்கா என்று கூப்பிட்டான், ஐந்தாவதுக்குப் பிறகு கூப்பிடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு வாய்தா கேட்டார். இப்போதே கேளுங்கள் என்றார் ஐயா. "சாயங்காலம் இருட்டிவிட்டதே, முகம் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார் வக்கீல். "மெஷினுக்கு மேல பல்பு எரிஞ்சுது. ஊசியில நூல் கோக்கிற வெளிச்சம். கொன்னவன் மூஞ்சி தெரியாதா?" என்றாள். குறுக்கு விசாரணை அதோடு முடிந்தது. என் விரல்கள் என்னுடையவையாகவே இல்லை, ஆனால் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

நடுவில் வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. முழுவதையும் படித்துக் காட்டினேன், அவள் இடது கைப் பெருவிரலை வைத்தாள். வைத்ததும் நாற்காலியிலிருந்து சரிந்தாள், இரண்டாவது வண்டியில் அவளை ஏற்றினோம். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கையால் இனி ஊசி பிடிக்க முடியாது. நான் வராந்தாவுக்கு வந்தபோது ஒருவர் தரையில் மருந்து ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் வெண்கலம் போய்விட்டார். அங்கேயும் கூட்டம் கூடாது. பிணவறைக்குள் போக ஒரு குடும்பத்துக்கு ஒரே சீட்டு, ஒரு நேரத்தில் ஒருவர். அண்ணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். அழவில்லை. கையில் வெண்கலத்தின் செருப்பை வைத்திருந்தார்.

"அண்ணி" என்றேன். "அந்தப் பொண்ணுக்கு மணி போட்டது நான்தான். வேணாம்னு அண்ணன் சொன்னாரு. நான் கேக்கல."

அண்ணி அந்தச் செருப்பாலேயே என் முகத்தில் அடித்தார். முகமூடிக் கயிறு அறுந்து தொங்கியது. மறுபடியும் அடித்தார். ஒரு காவலர் ஓடி வந்தார், விடுங்கள் என்று கையைக் காட்டினேன். அண்ணி என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினார். "முப்பத்தோரு வருஷம்டி. எத்தனை ரவுடிப் பயலுங்களைப் பாத்துட்டு உசிரோட வீட்டுக்கு வந்தாரு. நீ ஒரு பேப்பரை ஒட்டிக் கொன்னுட்டியேடி பாவி." நான் அழுதேன். அவர் கை சோர்ந்துபோகும்வரை நின்றேன்.

பிடியை விட்டார். பிறகு, "அவ சொன்னாளா?" என்று கேட்டார்.

"யாரு அண்ணி?"

"அந்தத் தையக்காரி. கூண்டுல சொல்லி முடிச்சாளா?"

"முடிச்சுட்டா அண்ணி. முழுசா சொன்னா. ஆளைக் காட்டினா. குறுக்கு விசாரணையும் முடிஞ்சிருச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாது அண்ணி. அவ முடிக்கறதுக்கு முன்னாடியே அவரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அண்ணியின் முகம் அப்போதுதான் கலைந்தது. இடுப்பிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"அப்ப நீயே போய்ச் சொல்லு. தெரியாமப் போனா அந்த மனுஷன் கட்டை வேகாது. போ."

உள்ளே குளிர்ந்தது. வெள்ளைத் துணியைக் கழுத்துவரை விலக்கிக் காட்டிவிட்டு, இரண்டு நிமிஷம் என்றார் ஊழியர். நான் கிட்டே போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், கூண்டேறியவள் சொன்னதை முதல் வரியிலிருந்து அப்படியே சொல்ல ஆரம்பித்தேன். பல்பு வெளிச்சம்வரை வந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று ஊழியர் தோளைத் தொட்டார். இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சொன்னேன்.